தாத்தாவின் ரோலிபிளெக்ஸுக்கு மேரு வெயிலும் மழையும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய கேமராவைத் தேய்மானத்தைவிடப் பூஞ்சைதான் சீக்கிரம் கொல்லும். ஆண்டு முழுக்கக் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும் ஊர் இது. இங்குள்ள மேருவில் சாயங்கால மழை பெய்து ஓய்ந்தால் சுவரே வியர்க்கும். அப்படிப்பட்ட வீட்டில், தோலுறைக்குள் போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் பை சுற்றி, மர அலமாரியின் மேல்தட்டில் தாத்தாவின் இரட்டை லென்ஸ் கேமரா ‘பத்திரமாக’ இருக்கும். உண்மையில் அந்தத் தோலுறைதான் முதல் எதிரி. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

இந்த வகைக் கேமராவுக்குப் பேர் வாங்கித் தந்தது 1929இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பிராங்கே, ஹைடெக்கே இருவரின் கம்பெனி வெளியிட்ட ரோலிபிளெக்ஸ். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் எடுப்பதற்கு. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா கையிலும் ரோலிபிளெக்ஸ் இருந்தது. பிறகு ஜப்பானின் யாஷிகா, மினோல்டா, மாமியா வந்தன. ஷாங்காயின் சீகல் மலிவாக வந்தது. இன்று கோலாலம்பூர் புடு பிளாசா கேமரா கடைகளிலோ, பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் வார இறுதிப் பழம்பொருள் சந்தையிலோ கண்ணில் படக்கூடியவை பெரும்பாலும் இவைதான்.

வைக்கும் இடம் சரியாக இருந்தால் பாதி ரிப்பேர் மிச்சம். மின்சார உலர்பெட்டி இருந்தால் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் நிறுத்தினால் போதும். அதற்கும் கீழே இறக்கினால் தோல் சுருங்கும், கிரீஸ் காயும். பணம் செலவழிக்க மனமில்லையா? ரப்பர் விளிம்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. ஜெல் நிறம் மாறியதும் வறுத்து எடுக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இதில்தான். ஆண்டுக்கணக்காக மாற்றாத ஜெல் வெறும் மணல்.

பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க, பின்கதவைத் திறந்து, ஷட்டரை ‘பி’யில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, முன்னாலிருந்து டார்ச் அடிக்க வேண்டும். தூசி புள்ளியாகத் தெரியும். பூஞ்சை ஓரத்திலிருந்து மெல்லிய வேர் போலக் கிளை விட்டு உள்ளே வரும். ஆரம்பத்தில் பிடித்தால் ஆல்கஹாலில் துடைத்தாலே போகும். விட்டுவைத்தால் அது கக்கும் அமிலம் லென்ஸ் மேற்பூச்சை அரித்துவிடும். அந்தத் தழும்பைத் துடைத்து எடுக்க முடியாது. லென்ஸைக் கழற்றுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: மேல் லென்ஸ் எந்த மறையில், எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருந்ததோ அதில்தான் இரண்டு லென்ஸுக்கும் உள்ள ஒற்றுமை இருக்கிறது. கழற்றும் முன் ஊசியால் ஒரு கோடு கீறி வைத்தால் பிழைத்தோம்.

அடுத்தது ஷட்டர். பழைய கிரீஸ் பிசினானதும் மெதுவான வேகங்கள்தான் முதலில் படுத்துக்கொள்ளும். ஒரு வினாடிக்கு வைத்துத் தட்டினால் ‘ர்ர்ர்’ என்று ஒரே சீராக ஓடி முடிய வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. லைட்டர் பெட்ரோல் ஒரு துளி இரண்டு துளி போதும், அதுவும் ஷட்டர் இதழ்களின் மேல் வழியாமல். தையல் மெஷின் எண்ணெய் விடச் சொல்லும் அண்ணன்கள் ஊருக்கு ஒருவர் உண்டு. கேட்க வேண்டாம்; எண்ணெய் இதழ்களை ஒட்டவைக்கும். செல்ப் டைமர் நெம்புகோலையும் தொடாமல் இருப்பது நல்லது. அது பாதியில் சிக்கினால் ஷட்டரையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

மினோல்டா ஆட்டோகார்டுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. கிள்ளானுக்குப் பக்கத்தில் ஷா ஆலத்திலேயே மினோல்டாவுக்குத் தொழிற்சாலை இருந்தது என்பதால் அந்தப் பெயர் மேல் இங்கே பலருக்கும் ஒரு ஒட்டுதல். (ஆட்டோகார்டு செய்யப்பட்டது ஜப்பானில்.) அதன் போகஸ் நெம்புகோல் பலவீனமான உலோகம். கிரீஸ் இறுகிய நிலையில் பலம் கொடுத்துத் தள்ளினால் முறிந்துவிடும், மாற்றுப் பாகமும் லேசில் கிடைக்காது. இறுக்கமாக இருந்தால் அசைக்காமல் மெக்கானிக்கிடம் கொடுப்பதே புத்தி.

உள்ளே இருக்கும் கண்ணாடி வீட்டுக் கண்ணாடி இல்லை. அதன் பூச்சு மேல்பக்கம் இருக்கிறது. டிஷ்யூ பட்டாலே உரியும்; ஊதுபந்தால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஜப்பான் கேமராவின் கூட்டல்குறித் திருகாணிகளுக்கு ஹார்ட்வேர் கடையின் பிலிப்ஸ் முனை பொருந்தாது, தலையை உரித்துவிடும். ஜேஐஎஸ் (ஜப்பான் தர) முனை வாங்கவும். யாஷிகா மேட் 124ஜி வைத்திருப்பவர்கள் பின்கதவு ஸ்பஞ்சையும் பார்க்க வேண்டும். அது நம் வெயிலில் தார் போல உருகி, ஒளி புகவிடும். அதன் மீட்டருக்கான 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது கிடையாது. 1.5 வோல்ட் போட்டால் அளவு தவறும். ஜிங்க்-ஏர் பேட்டரி ஓரளவு ஈடுகட்டும்.

எல்லாம் பூட்டியபின் போகஸ் சோதனை. பிலிம் ஓடும் தண்டவாளத்தில் பால்நிற டேப்பை இறுக்கமாக ஒட்டி, ஷட்டரைத் திறந்தபடி பூட்டி, அபெர்ச்சரை முழுக்கத் திறக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் மாடியிலிருந்து மெர்டேக்கா 118 கோபுரத்தின் ஊசிமுனையைக் குறிவைத்தால் அதைவிட நல்ல ‘முடிவிலி’ கிடைக்காது. மேல் திரையில் ஊசி கூராகத் தெரியும்போது டேப்பிலும் கூராகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மேல் லென்ஸைத்தான் திருத்த வேண்டும், கீழ் லென்ஸை அல்ல.

பத்துமலைக்குத் தைப்பூசத்தன்று கேமராவை எடுத்துப் போகிறவர்களுக்கு: ரோலிபிளெக்ஸ் ஆட்டோமேட்டில் பிலிம் காகிதத்தை உள்ளே இருக்கும் இரண்டு உருளைகளுக்கு நடுவே நுழைக்காவிட்டால், ஒன்றாம் எண்ணில் நிற்காமல் பன்னிரண்டு படமும் சுற்றிப் போய்விடும். கூட்டத்துக்குள் நுழையும் முன்பே பிலிமை மாட்டிவிடுங்கள்.

தாத்தாவின் கேமரா இப்போதுதான் கையில் கிடைத்ததென்றால், டார்ச் சோதனைக்கெல்லாம் முன்னால் இன்னொன்று. உள்ளே பாதி எடுத்த பிலிம் இருக்கலாம். பின்கதவைத் திறக்காமல் கைப்பிடியைக் கடைசிவரை சுற்றி, இருட்டறையில் எடுத்து, கறுப்பு வெள்ளை கழுவத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பல ஆண்டு கழித்தும் அதில் முகங்கள் கிடைப்பதுண்டு.