அழைப்பை இணைத்துவைக்கும் வேலை

குடவாசலிலிருந்து கும்பகோணத்துக்கு ஒரு போன். பக்கத்து ஊர்தான். ஆனால் இரண்டு எண்களும் வேறு வேறு நிறுவனத்தவை என்றால், அந்த நிறுவனங்கள் கைகோக்கும் ஊர் வரைக்கும் குரல் போய்த்தான் திரும்பும். அந்தக் கைகோப்பைப் பார்த்துக்கொள்பவர் இன்டர்கனெக்ட் இன்ஜினியர். பாலிடெக்னிக்கோ பொறியியலோ முடித்துவிட்டு எல்லோரும் கோடிங் பக்கமே ஓட வேண்டியதில்லை.

தொழில்நுட்பம் சில மாதத்தில் பிடிபடும். இணையத் தொலைபேசிக்கான சிப் (SIP) நெறிமுறை, நெட்வொர்க்கில் ஓடுவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் ஓர் அழைப்பை வரிவரியாக வாசிப்பது, ஒருபக்கக் குரல் மட்டும் கேட்டால் முதலில் ஃபயர்வாலைச் சந்தேகிப்பது. அவ்வளவுதான்.

கஷ்டம் வேறு இடத்தில். எண் யாருடையது? எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்தபின், முதல் நான்கு இலக்கத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. தரவுத்தளத்தைக் கேட்டாக வேண்டும். எல்லா எண்ணுக்கும் இணையத்தில் பொதுப் பட்டியல் வைக்கும் திட்டமும் உலக அளவில் வந்தது. தன் வாடிக்கையாளர் பட்டியலைப் போட்டியாளருக்குக் காட்ட யாருக்கு மனம் வரும்? திட்டம் படுத்துவிட்டது.

அடுத்தது பணம். அழைப்பை வாங்கிக்கொள்ளும் நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு 14 காசு என்றிருந்தது. 2017 அக்டோபரில் 6 காசு, 2021 ஜனவரியில் பூஜ்யம். சண்டை காசோடு நிற்பதில்லை. 2016-ல் ஜியோவுக்குப் போதிய இணைப்புப் புள்ளிகள் தரவில்லை என்று ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. அவை மறுத்தன. ஆகவே அழைப்பு நெரிசலை அளக்கும் எர்லாங் கணக்குப் போட்டு, எத்தனை சேனல் எப்போது வேண்டும் என்று தேதியோடு கடிதம் எழுதத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் மதிப்பு. ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, கடிதம் தெளிவாக இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. 'சிம் கார்டு பெட்டியைப் பார்த்துக்கொண்டால் போதும், நல்ல சம்பளம்' என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாகக் காட்டும் சட்டவிரோத எக்ஸ்சேஞ்ச் அது. போலீஸ் வந்தால் அங்கே உட்கார்ந்திருப்பவர்தான் முதலில் மாட்டுவார். எந்த நேர்முகத்திலும் அவர்களுடைய லைசென்ஸ் என்ன என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

பழக ஆசையா? இரண்டு பழைய கணினியில் ஆஸ்டரிஸ்க் என்ற இலவசத் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் மென்பொருளைப் போட்டு, இடையே டிரங்க் எனப்படும் இணைப்பைக் கட்டுங்கள். ஒன்றிலிருந்து எண்ணை +91 வைத்தும், பிறகு 0 வைத்தும் அனுப்புங்கள். எதிர்முனை எதை மறுக்கிறது, ஏன் மறுக்கிறது என்று கண்டுபிடித்தால் நேர்முகத்தில் பேச விஷயம் கிடைத்துவிடும்.