கத்திக்கு முன்னால் கை

எம்.எஸ். அறுவை சிகிச்சை முதலாண்டில் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு:

எங்கள் யூனிட் சீஃப் தியேட்டரில் காட்டிய கைவேகத்தைப் பார்த்து இந்தத் துறைக்கு வந்தவர்கள் பலர். ஹவுஸ் சர்ஜனாக இருந்த நான், வார்டில் அவர் நோயாளியின் வயிற்றில் கை வைத்த பக்குவத்தைப் பார்த்து வந்தேன். அதனால் வார்டிலிருந்தே தொடங்குகிறேன்.

1. ஸ்கேன் வருவதற்குள் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். வலி எங்கே என்பதோடு, எங்கே ஆரம்பித்தது என்றும் கேளுங்கள். குடல்வால் அழற்சியில் பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கும் வலி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். அதை நோயாளிதான் சொல்ல முடியும். வலிக்கும் இடத்தைக் கடைசியில் தொடுங்கள். அழுத்தும்போது உங்கள் கண் அவர் முகத்தில் இருக்கட்டும்.

2. பால் பிராண்டைப் படியுங்கள். கொல்லிமலையில் பிறந்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை மருத்துவர். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் தன் கையைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்த பிடியில் பிராண்டுக்கே வலித்தது. ஒன்றுக்கும் ஆகாதென்று விட்டுவிட்ட கைக்குள் பலமான தசைகள் இருக்கின்றன என்று அப்படித்தான் கண்டுகொண்டார். பிறகு, நன்றாக இயங்கும் தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். தொழுநோயாளியைத் தொடவே மருத்துவர்கள் பலர் தயங்கிய காலம் அது. அவர் தொட்டிராவிட்டால் அந்த அறுவை சிகிச்சையே பிறந்திருக்காது என்று நம்புகிறேன்.

3. சம்மதப் படிவத்தை நீட்டுமுன் உட்கார்ந்து பேசுங்கள். நோயாளி பெண் என்றால் கணவரிடமோ மகனிடமோ மட்டும் விவரம் சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. வயிறு அந்த அம்மாவுடையது, அவரிடம் சொல்லுங்கள். கண் விழிக்கும்போது மூக்கில் குழாய் இருக்கும், சிறுநீருக்கு ஒரு குழாய் இருக்கும் என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். குடலை வயிற்றின் வெளியே திறக்க வேண்டியிருக்குமானால், அவரை உட்காரவும் நிற்கவும் வைத்து, பாவாடை நாடாவோ வேட்டிக் கட்டோ படாத இடமாகப் பார்த்துக் குறியுங்கள். படுத்த நிலையில் மட்டும் குறித்தால், வீட்டுக்குப் போனபின் பை ஒட்டாமல் தவிக்கப்போவது அவர்தான்.

4. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் தந்த பாதுகாப்புப் பட்டியலில் இருப்பவை 19 அம்சங்களே. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் பயன்படுத்திப் பார்த்த ஆய்வில், அறுவைக்குப் பிந்தைய மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. அந்தப் பட்டியலை வாய்விட்டுப் படியுங்கள். துணிக் கணக்கில் ஒன்று குறைகிறதென்று சிஸ்டர் சொன்னால், சீஃபே தையலைத் தொடங்கியிருந்தாலும் "சார், நிறுத்துங்கள்" என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்.

5. எப்போது அறுக்கக் கூடாது என்று தெரிய நாளாகும். தெரியும்வரை மூத்தவர்களிடம் கேளுங்கள்.

6. அறுவை முடிந்த இரவு ஒருமுறையாவது கட்டிலருகே போய் நில்லுங்கள். உள்ளே ரத்தம் கசிந்தால், ரத்த அழுத்தம் இறங்குமுன்பே பெரும்பாலும் நாடித்துடிப்பு ஏறத் தொடங்கிவிடும். கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். மணிக்கட்டைப் பிடித்துப் பாருங்கள்.

7. நோயாளி இறந்துவிட்டால் சேதி சொல்ல ஜூனியரை அனுப்பாதீர்கள். நீங்களே போங்கள். "இறந்துவிட்டார்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். குடும்பத்தினரின் கேள்விகள் முடியும்வரை அங்கேயே இருங்கள்.