வரவு எங்கே? வாக்காளருக்கு இலங்கை தரும் பாடம்



வாக்கு ஓர் அமானிதம் என்று ஜும்ஆ பயான்களில் கேட்கிறோம். பைத்துல்மாலில் வரவைப் பார்க்காமல் செலவுக்கு நாம் யாரும் சம்மதிப்பதில்லை. தேர்தல் வாக்குறுதியையும் அந்தக் கண்ணால்தான் படிக்க வேண்டும். இந்தியாவில் ஜனாதிபதியை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. கடலுக்கு அப்பால் இலங்கையில் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே நடந்ததைப் பார்ப்போம்.

2019 நவம்பர் தேர்தலில் கோத்தபய ராஜபக்ச பெரிய வரிக்குறைப்பை முன்வைத்தார். நாடு திவாலாகும் என்று அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர தேர்தலுக்கு முன்பே எச்சரித்தார். ஆனாலும் கோத்தபய வென்றார். நம் ஜிஎஸ்டி போன்ற 'வாட்' வரி டிசம்பரில் 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. வருமான வரி விலக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாயிலிருந்து 30 லட்சமாக உயர்ந்தது. கொத்தனாருக்கு இதில் என்ன லாபம்? அவர் வருமான வரியே கட்டியதில்லையே!

அரசின் வருவாய் சரிந்தது. கொரோனாவால் சுற்றுலா வருமானமும் நின்றது; பழி முழுவதையும் வரிக்குறைப்பின் மேல் போடுவது நியாயமாகாது. வெளிநாட்டுச் சந்தையில் புதுக்கடன் கிடைக்கவில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை அரசு நிறுத்தியது. பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். பிறகு வாட் படிப்படியாக ஏறி, 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. கடையில் சோப்பு வாங்கும் கொத்தனாருக்கும் முதலாளிக்கும் அது ஒரே 18தான்.

2024 செப்டம்பர் தேர்தலில் ரணில் விக்ரமசிங்க, சர்வதேச நாணய நிதியத்துடன் செய்த உடன்பாட்டைத் தொடர்வேன் என்றார். சஜித் பிரேமதாச 36 சதவீத உச்ச வருமான வரியை 24 ஆக்குவேன் என்றார். அனுர குமார திசாநாயக்க உணவு, மருத்துவம், கல்விப் பொருட்களுக்கு வாட் நீக்கம் என்றார். மாதம் 1 லட்சமாக இருந்த வருமான வரி வரம்பு 2 லட்சமாகும் என்றும் சொன்னார். ஏழைக்குடும்பத்துக்கு உதவுவது எது? வாங்கும் பொருளின் விலையில் தெரியும் வாட் நீக்கம்தான். ஆனால் யார் வென்றாலும் அந்த உடன்பாட்டின் வருவாய் இலக்கு கையைக் கட்டும். வென்ற அனுர, 2025 ஏப்ரலில் வரம்பை உயர்த்தியது ஒன்றரை லட்சம் வரைக்கும்தான்.

இனி நம் வீட்டுக்கணக்கு. புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால், மாநிலங்களைப்போல் மத்திய நிதிக்குழுவின் வரிப்பங்கு நமக்கு இல்லை. மத்திய அரசின் மானியம், ஜிஎஸ்டி, பெட்ரோல் மீதான வாட், கடன், மது கலால் வரி ஆகியவை முக்கிய வரவுகள். குடும்பத்தலைவிக்கு மாதந்தோறும் வரும் உதவித்தொகையும் இந்தப் பெட்டியிலிருந்துதான் வருகிறது.

வாங்குவது தவறென்று நாம் சொல்லவில்லை. அது மக்கள் பணம். ஆனால் குரும்பகரத்துக்கு வாக்குக் கேட்டு வருபவர், எந்தக் கட்சிக்காரரானாலும், தொகையை உயர்த்துவேன் என்றால் கேளுங்கள்: "எந்த வரவிலிருந்து, தம்பி? இன்னும் எத்தனை மதுக்கடை?"