வேர் முடிச்சில் வீணாகும் ஆற்றலை மீட்கும் என்சைம்

பயறு வகைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு மணிகளைப் போன்ற முடிச்சுகள் காணப்படும். இவற்றில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்குத் தழைச்சத்தாகக் கொடுப்பதை உழவர்கள் அறிவார்கள். ஆனால் இந்தத் தழைச்சத்து இலவசமாகக் கிடைப்பதன்று. இலைகள் தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பகுதியை வேருக்கு அனுப்பிப் பயிர் இதற்கு விலை கொடுக்கிறது. அந்த விலையில் வீணாவது எவ்வளவு, அதை மீட்க வழி உண்டா என்பதை இங்கு காண்போம்.

ஹைட்ரஜன் கசிவு

உயிரணுக்களுக்குள் நடக்கும் மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதப் பொருளே என்சைம் எனப்படும். முளைவிடும் நெல்லில் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுவதும் என்சைமால்தான். வேர் முடிச்சில் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் என்சைமுக்கு நைட்ரஜனேஸ் என்று பெயர். இது வேலை செய்யும்போது ஹைட்ரஜன் வாயுவும் உண்டாகிறது. மிகச் சிறப்பாக வேலை நடக்கும்போதுகூட, நைட்ரஜனேசுக்கு வரும் எலக்ட்ரான்களில் நான்கில் ஒரு பங்கு ஹைட்ரஜன் உண்டாவதிலேயே செலவாகிவிடுகிறது. பல வேர் முடிச்சுகளில் இழப்பு இதைவிடவும் அதிகம். கிணற்று நீர் வயலைச் சேருமுன் வாய்க்கால் உடைப்பில் கசிவதைப் போன்றது இது.

கசிவை மீட்கும் பாக்டீரியா

சில பாக்டீரியாக்களிடம் இந்த ஹைட்ரஜனைத் திரும்பப் பிடித்து ஆக்சிஜனுடன் சேர்த்து நீராக மாற்றும் என்சைம் உள்ளது. இதற்கு ஹைட்ரஜனேஸ் என்று பெயர். இம்மாற்றத்தில் கிடைக்கும் ஆற்றல் பாக்டீரியாவுக்கு மீண்டும் பயன்படுகிறது. பட்டாணி வேர் முடிச்சில் இந்த என்சைம் இருப்பதை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெல்ப்ஸ், வில்சன் ஆகியோர் 1941இல் கண்டறிந்தனர். ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷூபர்ட், எவன்ஸ் ஆகியோர் 1976இல் பல பயிர்களை ஒப்பிட்டனர். சோயா மொச்சை முடிச்சுகளில் ஹைட்ரஜன் இழப்பு மிகுதியாகவும், தட்டைப்பயறு முடிச்சுகளில் மிகக் குறைவாகவும் இருந்தன.

என்சைமைப் பிரித்தெடுத்த விதம்

1979இல் விஸ்கான்சினில் ஆர்ப், பர்ரிஸ் இருவரும் சோயா மொச்சை முடிச்சுகளிலிருந்து இந்த என்சைமைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். முடிச்சுகளை நசுக்கிப் பாக்டீரியாக்களைத் தனியாக்கி, அவற்றை உடைத்தனர். ஹைட்ரஜனேஸ், பாக்டீரியாவின் சவ்வில் ஒட்டியிருக்கும். பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீக்குவதைப் போல, சோப்புத் தன்மையுள்ள ஒரு பொருளைச் சேர்த்து அதைச் சவ்விலிருந்து விடுவித்தனர். பிறகு நுண்பொருள் நிரப்பிய குழாய்களின் வழியே கரைசலை வடியவிட்டு மற்ற புரதங்களை நீக்கினர். ஆக்சிஜன் பட்டால் இந்த என்சைம் செயல் இழக்கும். எனவே ஆக்சிஜன் படாமலே வேலை செய்ய வேண்டியிருந்தது.

என்சைம் செயல்படுகிறதா என்பதை அறிய மெத்திலீன் நீலம் என்ற சாயம் உதவுகிறது. ஹைட்ரஜனும் என்சைமும் சேர்ந்தால் சாயத்தின் நீல நிறம் மறையும். நிறம் எவ்வளவு விரைவாக மறைகிறதோ, அந்த அளவுக்கு என்சைமின் வேகம் அதிகம்.

என்சைமின் இயல்புகள்

இந்த என்சைம் பெரிதும் சிறிதுமான இரு புரதத் துண்டுகளால் ஆனது என்பது பின்னர் தெரிய வந்தது. இதில் இரும்பும், கந்தகமும், மிகச் சிறிதளவு நிக்கலும் உள்ளன. சுற்றிலும் ஹைட்ரஜன் மிகக் குறைவாக இருந்தாலும் இதனால் அதைப் பிடிக்க முடிகிறது. நிக்கல் தேவை என்பதால் நிக்கல் உப்பை வாங்கி நிலத்தில் இடக் கூடாது. தேவைப்படும் அளவு மிக மிகச் சிறிது. மிகுந்தால் பயிருக்கு நஞ்சாகும்.

விளைச்சல் கூடுமா?

ஹைட்ரஜனேஸ் உள்ள பாக்டீரியாவை இட்ட சோயா மொச்சையில் தழைச்சத்து கூடியதாகச் சில ஆய்வுகள் காட்டின. வேறு சில ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மேலும், கசியும் ஹைட்ரஜன் முழுவதும் வீண் என்றும் கூற முடியாது. அது முடிச்சைச் சுற்றியுள்ள மண்ணில் வேறு பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. பயறுக்குப் பின் வரும் பயிர் செழிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்று 2003இல் கனடா நாட்டு விஞ்ஞானிகள் கருத்து வெளியிட்டனர். ஆகவே, இந்த ஒரு குணத்தை மட்டும் கொண்டு ஒரு பாக்டீரியா வகையை உயர்ந்தது என்று முடிவு கட்ட இயலாது.

உழவர்கள் செய்ய வேண்டியவை

1. முடிச்சை இரண்டாக நறுக்கிப் பாருங்கள். உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்துச் சேர்ப்பு நடக்கிறது என்று அறியலாம். ஆனால் ஹைட்ரஜனேஸ் உண்டா என்பது கண்ணுக்குத் தெரியாது. எனவே விளம்பரத்தை நம்பாமல், உங்கள் பகுதிக்குப் பரிந்துரைக்கப்பட்ட வகையையே வாங்குங்கள்.

2. அந்தந்தப் பயிருக்குரிய ரைசோபியத்தையே பயன்படுத்துங்கள். நிலக்கடலைக்கு உரியது சோயா மொச்சைக்கு உதவாது.

3. ஓர் எக்டர் விதைக்கு 3 பொட்டலம் (600 கிராம்) ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையுடன் சேர்த்து, நிழலில் 15 முதல் 30 நிமிடம் உலர்த்தி விதையுங்கள்.

4. பூசணக்கொல்லி மருந்து கலந்த விதையானால் குறைந்தது 24 மணி நேரம் கழித்தே ரைசோபியம் கலக்க வேண்டும்.

பொட்டலத்தில் இருப்பது உயிருள்ள பொருள். வெயில் படாமல் வைத்து, காலாவதி நாளுக்கு முன் பயன்படுத்தினால்தான் அதிலுள்ள பாக்டீரியாக்கள் உயிருடன் வேரைச் சென்றடையும்.