முகம் ஒருவர், கை வேறொருவர்

வகுப்பறை நாடகம் என்றால் நன்றாகப் பேசும் நான்கைந்து பேர் நடிப்பார்கள். பேசத் தயங்குபவர் மரமாகவோ காவலராகவோ ஓரமாக நிற்பார். என் ஏழாம் வகுப்பிலும் பல ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது. இதை மாற்றிக்கொள்ள எனக்கு வழிகாட்டியது 1928இல் ஒளிபரப்பான ஒரு நாடகம்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஸ்கெனெக்டடி நகரில், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் தொலைக்காட்சிச் சோதனைகள் நடத்திவந்தது. அங்கே 1928 செப்டம்பர் 11 அன்று, ஹார்ட்லி மேனர்ஸ் எழுதிய 'தி குயின்ஸ் மெசஞ்சர்' என்ற ஓரங்க நாடகம் நேரலையாக ஒளிபரப்பானது. இரகசிய ஆவணங்களைக் கொண்டுசெல்லும் ஓர் ஆங்கிலேயத் தூதர், அவற்றைக் கவர முயலும் ஒரு பெண். பாத்திரங்கள் இரண்டே. நடித்தவர்களோ நான்கு பேர்!

காரணம், திரை வெறும் 3 அங்குலம். படம் 24 கோடுகளால் ஆனது. நம் கோடு போட்ட நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய அத்தனை கோடுகள்தாம் இருக்கும். அதில் முழு உருவத்தைக் காட்டினால் ஒன்றும் விளங்காது. எனவே இரண்டு கேமராக்கள் முகங்களை மட்டும் காட்டின. மூன்றாவது, கைகளையும் பொருள்களையும் காட்டியது. இசெட்டா ஜுவெலும் மாரிஸ் ராண்டலும் முகம் காட்டிப் பேச, அவர்களுக்குக் கைகளாக வேறு இருவர் நடித்தனர். இயக்குநர் மார்ட்டிமர் ஸ்டீவர்ட் ஒரு சிறு பெட்டியின் குமிழ்களைத் திருப்பி, முகத்துக்கும் கைக்கும் காட்சியை மாற்றினார். ஒலி வானொலி வழியே சென்றது. நேரலை என்பதால் ஒருவர் பேச்சும் மற்றவர் கையும் அந்த நொடியிலேயே பொருந்தியாக வேண்டும்.

இதை வகுப்பில் சொல்லிவிட்டு, பழைய அட்டைப்பெட்டியில் மூன்று சன்னல்கள் வெட்டினோம். அம்மா கடிதம் பிரித்துப் படிக்கும் காட்சியைக் குழுவாக எழுதினார்கள். எந்த வரிக்கு முகம், எந்த வரிக்குக் கை என்று முடிவுசெய்யவே உரையாடலை மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. "வாய்விட்டுப் படி" என்று நான் சொல்லி அவர்கள் இவ்வளவு படித்ததில்லை.

திக்குவாய் உள்ள ஒரு மாணவன் கையாக இருக்க முன்வந்தான். முதல் முறை, உறையைப் பிரிப்பதற்குள் முகமாக இருந்தவள் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டாள். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "பிரிக்க நேரம் குடுக்கணும் டீச்சர், அவ நிறுத்திப் படிக்கட்டும்" என்றான். திக்கித்தான் சொன்னான், ஆனால் முழுதாகச் சொன்னான். உடனே எல்லோரும் பென்சிலால் நிறுத்தக் குறிகள் போட்டுக்கொண்டார்கள்.

செய்துபார்க்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று: இரண்டாம் சுற்றில் முகத்தையும் கையையும் கட்டாயம் மாற்றுங்கள். இல்லாவிட்டால் பேசாத பிள்ளை என்றைக்கும் கையாகவே இருந்துவிடும். பழைய மரத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருக்காது. நான் மாற்றியபோது அவன் முகத்தைக் கேட்கவில்லை. எந்தச் சன்னல் எப்போது திறக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்டீவர்ட்டின் வேலையைக் கேட்டான்.