‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’யா?

ஜவுளிக்கடை பில்லின் அடியில் பொடி எழுத்தில் இந்த வரி இருக்கும். நிறம் பிடிக்கவில்லை, அளவு சேரவில்லை என்றால் மாற்றித் தருவது பெரும்பாலும் கடைக்காரர் மனசு. ஆனால் சாயம் போகிறது, தையல் விட்டிருக்கிறது, புது மிக்ஸி ஓடவில்லை என்றால் அந்த வரியைக் காட்டித் தப்பிக்க முடியாது. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள். பில்லே தராமல் நழுவுவதும் இதே கணக்கில்தான் சேரும்!

பழுதை உடனே போட்டோ எடுத்து, பில்லோடு கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது. மசியவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், கட்டணம் கிடையாது.