சிவனொளிபாதமலை: எத்தனை மணிக்கு ஏறத் தொடங்குவது?

நள்ளிரவுக்கு முன்பே அடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து புறப்பட்டு, மூன்று மணிக்கெல்லாம் உச்சியைத் தொட்டுவிட்டு, வியர்வையில் ஊறிய சட்டையோடு விடியும்வரை நடுங்கிக்கொண்டிருப்பவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். நல்ல கால்பலம் உள்ள இளைஞர்கள்தான் இதில் அதிகம். 2,243 மீற்றர் உயர மலையை வென்றவர்கள், சூரியன் வருவதற்குள் உடம்பு தாங்காமல் இறங்கிப்போவதையும் கண்டிருக்கிறேன். இந்த மலைக்குத் தேவை வேகம் அன்று, கணக்கு.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

சீசன் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடியும். மற்ற மாதங்களில் வழிவிளக்கு இருக்காது, கடைகள் பூட்டியிருக்கும், மழையும் காற்றும் அட்டையும் இருக்கும். முதன்முறை போகிறவர் சீசனில்தான் போகவேண்டும். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில், போயாவும் வார இறுதியும் சேராத ஒரு செவ்வாயோ புதனோ பாருங்கள். நீண்ட விடுமுறை நாட்களில் கடைசிப் படிகளில் கூட்டம் அசையாமல் நிற்கும். அன்று எந்த நேரக் கணக்கும் பலிக்காது.

2. போய்ச் சேருங்கள்

கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை ரயிலில் ஹட்டன். அங்கிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு பஸ். மாலைக்குள் சேர்ந்து, சாப்பிட்டு, எட்டு மணிக்குப் படுத்துவிடுங்கள். இரத்தினபுரிப் பக்கமாக ஏறும் பாதை பழையது, அழகானது. ஆனால் மிக நீளம். அதை இரண்டாம் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

3. பையைக் கட்டுங்கள்

உலர்ந்த பனியன் ஒன்று, தடித்த காலுறை ஒரு சோடி, காற்றுப் புகாத மேலங்கி, தலைக்கும் காதுக்கும் துணி, ஒரு லீற்றர் தண்ணீர், டோர்ச். இவ்வளவு போதும். சாப்பாடு சுமக்க வேண்டாம். வழிநெடுகக் கடைகள் உண்டு. கால் நகத்தை வெட்டிவிட்டு வாருங்கள். ஏன் என்பது இறங்கும்போது புரியும்.

4. நேரத்தைப் பின்னிருந்து எண்ணுங்கள்

சறுக்குகிற இடம் இதுதான். ஜனவரி, பெப்ரவரியில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய ஆறரைக்கு. கிழக்கு வெளுப்பதைப் பார்க்க ஐந்தே முக்காலுக்கு உச்சியில் நின்றால் போதும். நல்லதண்ணியிலிருந்து சுமார் 7 கிலோமீற்றர், 5,000-க்கும் மேற்பட்ட படிகள். சாதாரணமாக நடப்பவருக்கு ஓய்வோடு மூன்றரை மணி நேரம் ஆகும். ஆகவே இரண்டு, இரண்டேகால் மணிக்குப் புறப்படுங்கள். வயதானவர்களோ பிள்ளைகளோ கூட வந்தால் ஒரு மணிக்கு.

முதல் பகுதி சமமாக, இலேசாக இருக்கும். மகர தோரணம், ஜப்பானிய பௌத்தர்கள் கட்டிய வெண்ணிறத் தாதுகோபம் எல்லாம் இங்கேதான். இங்கே வேகமாக நடக்கத் தூண்டும், நடக்காதீர்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பாருங்கள். பேச்சு திணறினால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். சீதகங்குல ஆற்றைத் தாண்டியபின் படிகள் செங்குத்தாகும். அப்போது நூறு படிக்கு ஒருமுறை நின்றபடியே மூச்சு வாங்குங்கள். உட்கார்ந்தால் தொடை இறுகிவிடும்.

கணக்கு தப்பிச் சீக்கிரம் வந்துவிட்டீர்களா? உச்சிக்குப் போகாதீர்கள். அதற்குக் கீழே உள்ள கடைசிக் கடைகளில் ஒன்றில் உட்காருங்கள். இஞ்சி போட்ட பிளேன்டீ ஒன்று குடியுங்கள். நனைந்த பனியனைக் கழற்றி உலர்ந்ததை மாட்டுவதும் இங்கேதான். உச்சியில் கூட்டத்துக்கும் காற்றுக்கும் நடுவே அதைச் செய்ய முடியாது. வானம் சாம்பல் நிறமாகும் முன் எழுந்து மிச்சப் படிகளை ஏறுங்கள்.

5. உச்சியில் திரும்பி நில்லுங்கள்

பாதச் சுவடு இருக்கும் முற்றத்தில் செருப்பு, சப்பாத்து ஆகாது. கல்தரை பனிக்கட்டிபோல இருக்கும், காலுறை அதற்குத்தான். சிவனின் பாதம் என்று நாமும், புத்தரின் பாதம் என்று பௌத்தர்களும், ஆதமின் பாதம் என்று முஸ்லிம்களும் போற்றும் இடம் இது. குரலைத் தாழ்த்துங்கள். எத்தனையாவது முறை ஏறினீர்களோ அத்தனை தடவை மணியை அடிப்பது வழக்கம்.

சூரியன் வந்ததும் பெரும்பாலானோர் படம் எடுத்துவிட்டு இறங்கத் தொடங்குவார்கள். நீங்கள் மேற்குப் பக்கம் போங்கள். வானம் தெளிந்திருந்தால் மலையின் நிழல் கூரிய முக்கோணமாகத் தாழ்நிலத்து மூடுபனிமேல் விழுந்து கிடக்கும். சூரியன் ஏற ஏற அது மலையை நோக்கிச் சுருங்கும். பக்கத்தில் நிற்கிறவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

6. இறங்குங்கள்

ஓடாதீர்கள். சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டினால் விரல்கள் முன்னால் போய் இடிக்காது. முழங்காலைச் சற்று மடக்கியபடி, பாதத்தைச் சரித்து வைத்து, கைப்பிடி உள்ள இடத்தில் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். குடித்த போத்தலைப் பையிலேயே கீழே கொண்டுவாருங்கள்.

இருட்டில் கடந்து வந்த தேயிலைச் சரிவும் மவுசாகலை நீர்த்தேக்கமும் இப்போதுதான் கண்ணில் படும். இந்த இறக்கத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். ரயிலையும் பிற்பகலுக்கே பதிந்துவையுங்கள்.